படித்தது ஒன்று, தேர்வில் வருவது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் கால்பந்து மேலாளர்கள் உச்சத்தில் ஏன் நிலைப்பதில்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரை, கிளப் முதலாளிகளின் வெளிநாட்டு மோகத்தின் மேல் பழியைப் போட்டு முடித்துவிட்டது. கால்பங்கு காரணத்தை முழுக் காரணமாக ஏற்க மனம் ஒப்பவில்லை.

முதலில் ஒரு திருத்தம். இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக் பட்டத்தை எந்த பிரிட்டிஷ் மேலாளரும் வென்றதில்லை என்று கட்டுரை சொல்வது தவறு. அலெக்ஸ் ஃபெர்குசன் 13 முறை வென்றார். கென்னி டால்க்லிஷ் 1995-இல் பிளாக்பர்னுடன் வென்றார். இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். இன்றுவரை வெல்லாதவர்கள் ஆங்கிலேயர்கள். பிரீமியர் லீக் பிறப்பதற்கு முந்தைய கடைசிப் பருவத்தில், 1992-இல், லீட்ஸ் யுனைடெட்டுடன் பட்டம் வென்ற ஹோவர்ட் வில்கின்சனே நாட்டின் உச்ச லீக்கை வென்ற கடைசி ஆங்கிலேயர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2014 பிப்ரவரி 9 அன்று ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்த ஃபுல்ஹாமுக்கு எதிராக டேவிட் மோயஸின் மான்செஸ்டர் யுனைடெட் 81 கிராஸ்களை (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்துகளை) அடித்தது. முடிவு 2-2. கிராஸ் அடிப்பது குற்றமில்லை, எங்கிருந்து அடிக்கிறோம் என்பதே கேள்வி. கோலுக்கு முன்னுள்ள பெனால்ட்டி பாக்ஸுக்கு வெளியே ஓரத்தில் நின்றபடி தூக்கிப்போடும் பந்து தடுப்பாளருக்கு வரப்பிரசாதம். பந்தும் கண்முன் இருக்கிறது, எதிராளியும் கண்முன் இருக்கிறார். இரண்டடி முன்னால் வந்து தலையால் முட்டினால் போதும். அதே பந்தைக் கோல் கோடு வரை கொண்டுபோய்த் தரையோடு பின்னால் இழுத்துக் கொடுத்தால் நிலைமை தலைகீழ். தடுப்பாளர்கள் தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்க, பந்து அவர்கள் முதுகுப்புறம் போகிறது. ஆனால் அந்தக் கோடு வரை போய்ச்சேர விங்கர் (ஓர முன்கள வீரர்), ஃபுல்பேக் (ஓரத் தடுப்பாளர்), மிட்ஃபீல்டர் (நடுக்கள வீரர்) மூவரும் முக்கோணமாக நகர்ந்து பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வாரம் தவறாத பயிற்சியில்தான் வரும்.

மோயஸ் திறமை குறைந்தவர் என்று சொல்ல வரவில்லை. எவர்டனில் 11 ஆண்டுகள் அவர் செய்தது பெரிய வேலை. ஆனால் எவர்டன் போன்ற நடுத்தர அணிக்குப் பாதி ஆட்டங்களில் எதிரணியே பந்தோடு முன்னேறி வரும். பந்தைப் பறித்தால் முன்னால் வெட்டவெளி கிடைக்கும். யுனைடெட்டுக்கு எதிராகப் பத்துப் பேர் பாக்ஸுக்குள் குந்திவிடுவார்கள். அங்கே கேட்கப்படும் கேள்வியே வேறு. யுனைடெட்டில் அவரது ஆறாண்டு ஒப்பந்தம் பத்தே மாதங்களில் முடிந்தது.

பெரிய கிளப் கேட்கும் இன்னொரு கேள்வி, பந்து நம்மிடம் இருக்கும்போதே அதை இழக்கும் நொடிக்குத் தயாராக நிற்பது. செல்சி 2021 இதற்கு நல்ல பாடம். ஆங்கிலேயரான ஃபிராங்க் லம்பார்டு டெர்பி கிளப்பில் ஒரே ஒரு பருவம் மேலாளராக இருந்துவிட்டுச் செல்சிக்கு வந்தவர். முதல் பருவத்தில் நான்காம் இடம் பிடித்தார், ஆனால் லீக்கில் 54 கோல்கள் வாங்கினார். அவரது 4-3-3 அமைப்பில் (பின்னால் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர்) ஃபுல்பேக்குகள் இருவரும் ஏறிவிடுவார்கள், நடுக்கள மூவரில் இருவர் கூடவே போய்விடுவார்கள். பந்து பறிபோனால் 68 மீட்டர் அகலத்தைக் காக்க இரண்டு சென்டர் பேக்குகளும் (நடுத் தடுப்பாளர்கள்) ஒரு மிட்ஃபீல்டரும்தான் மிச்சம். 2021 ஜனவரி 25 அன்று, அணி ஒன்பதாம் இடத்தில் இருந்தபோது, அவர் நீக்கப்பட்டார்.

அடுத்து வந்த ஜெர்மானியர் தாமஸ் டூகெல் அதே வீரர்களை 3-4-2-1 ஆக நிறுத்தினார். லம்பார்டு ஓரங்கட்டியிருந்த தடுப்பாளர் ரூடிகர் மீண்டும் உள்ளே வந்தார். பின்னால் மூவர், அவர்களுக்கு முன் ஜோர்ஜினியோ, கோவாசிச் போன்ற நடுக்கள வீரர்கள் இருவர் என, தாக்கும்போதும் ஐந்து பேர் பந்துக்குப் பின்னால் நின்றார்கள். நடுவழி அடைபட்டதால் எதிரணி ஓரமாகச் சுற்றி வர வேண்டியதாயிற்று. அதற்குள் மற்றவர்கள் திரும்பிவிடுவார்கள். முதல் 14 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் இரண்டே. மே 29 அன்று போர்ட்டோவில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்று சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்த டூகெல்தான் பின்னர் இங்கிலாந்து அணிக்கே பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார்.

டூகெல் இதை எங்கே கற்றார் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். 2009-இல் ஜெர்மனியின் மைன்ஸ் கிளப்பின் 19 வயதுக்குட்பட்டோர் அணியை ஜெர்மன் சாம்பியனாக்கினார். அதே ஆண்டு அதே கிளப் முதல் அணியை அவரிடம் ஒப்படைத்தது. இன்னொரு ஜெர்மன் கிளப்பான ஹோஃபன்ஹைம், தன் இளையோர் பயிற்சியாளரான 28 வயது நாகெல்ஸ்மனை அப்படித்தான் ஏற்றியது. குவார்டியோலா 2007-இல் பார்சிலோனாவின் பி அணியை (இரண்டாம் அணியை) ஸ்பெயினின் நான்காம் நிலையில், வளர்ந்த ஆண்களுக்கு எதிராக, ஆடவைத்துக் கற்றார். பெரிய கிளப்பின் பி அணி எப்போதும் பந்தை வைத்திருக்கும், எதிரணி எப்போதும் குந்தும். மேலே வரப்போகும் கேள்வியைக் கீழேயே எழுதிப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் கிளப்புகளின் இளையோர் அணிகள் தங்களுக்குள் தனி லீக்கில் ஆடுகின்றன. அங்கே நன்றாகச் செய்த பயிற்சியாளருக்கு முதல் அணியின் கதவு திறப்பது அபூர்வம். அவர் வெளியே போய், கீழ் லீக்குக்குத் தரமிறங்கும் பயத்திலுள்ள கிளப்பில்தான் வேலை தேட வேண்டும்.

வேல்ஸ்காரரான ஸ்டீவ் கூப்பரின் பாதை இதுதான். நம் கொல்கத்தாவில் 2017-இல் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியில், 0-2 எனப் பின்தங்கியிருந்த இங்கிலாந்தை ஸ்பெயினுக்கு எதிராக 5-2 என வெல்லவைத்தவர் அவர். பந்தை வைத்து ஆடத் தெரிந்த பிள்ளைகளை வளர்த்தவர். பிறகு கிடைத்தவை ஸ்வான்சி, இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பின் அடித்தட்டில் கிடந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், அப்போதுதான் மேலே வந்த லெஸ்டர். ஃபாரஸ்டைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார். அதே கோடையில் கிளப் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்களை வாங்கிக் குவித்தது. அத்தனை புது முகங்களை வைத்துக்கொண்டு தப்பிப் பிழைக்கத்தான் முடியும். லெஸ்டரில் 12 லீக் ஆட்டங்களோடு அனுப்பப்பட்டார்.

ஒருகாலத்தில் இங்கிலாந்திலும் வழி இருந்தது. 1977 முதல் 1984 வரை எட்டு ஐரோப்பியக் கோப்பைகளில் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் முன்னோடி) ஏழு கோப்பைகளை ஆங்கிலேய மேலாளர்கள் வென்றார்கள்: பாப் பெய்ஸ்லி மூன்று, பிரையன் கிளஃப் இரண்டு, டோனி பார்ட்டன், ஜோ ஃபேகன் ஆளுக்கு ஒன்று. இவர்களில் கிளஃப் தவிர மூவரும் அதே கிளப்பில் உதவியாளராக இருந்து மேலே வந்தவர்கள். லிவர்பூலின் அந்தப் புகழ்பெற்ற பூட் ரூம் (பயிற்சியாளர்கள் கூடிப் பேசிய காலணி அறை), உள்ளேயே ஆளை வளர்க்கும் பட்டறை அல்லாமல் வேறென்ன? 1985-இல் ஹெய்சல் மைதானத்தில் ரசிகர்கள் பலர் இறந்த துயரத்துக்குப் பின் ஆங்கிலக் கிளப்புகளுக்கு ஐந்தாண்டு ஐரோப்பியத் தடை வந்தது; அந்த இடைவெளியில் அறிவின் கொடுக்கல் வாங்கலும் அறுந்தது.

ஃபெர்குசனிடம் ஆடியவர்கள் ஏன் அவரைப்போல் ஆகவில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. அன்றாடப் பயிற்சியை அவர் கிட், மெக்லாரன், கேரோஸ் போன்ற உதவியாளர்களிடம் விட்டிருந்தார். ஸ்டீவ் புரூஸும் மார்க் ஹியூஸும் கேரி நெவிலும் கண்ணால் கண்டது உடைமாற்றும் அறை அதிகாரத்தை. பயிற்சித் திட்டத்தை வகுக்கும் கையை அல்ல.

முதலாளிகளின் குற்றத்தையும் மறைக்க வேண்டாம். ஸ்வீடனின் நான்காம் நிலையிலிருந்து ஓஸ்டர்சுண்ட் கிளப்பை ஐரோப்பியப் போட்டி வரை கொண்டுவந்த ஆங்கிலேயர் கிரஹாம் பாட்டருக்குச் செல்சி கொடுத்தது 31 ஆட்டங்கள்தான்.

கட்டுரையில் ஆங்கிலேயரான எடி ஹோவின் பெயரே இல்லாதது எனக்கு வருத்தம். போர்ன்மத்தை நான்காம் நிலையிலிருந்து ஏற்றியவர், 2020-இல் தரமிறங்கி ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருந்தவர். நியூகாசில் மேலாளராக 2025 மார்ச் 16 அன்று லிவர்பூலை 2-1 என வீழ்த்தி லீக் கோப்பையை வென்றார். 1955-க்குப் பின் நியூகாசில் வென்ற முதல் உள்நாட்டுக் கோப்பை அது. முதல் கோல் ஒரு கார்னர் கிக்கிலிருந்து வந்தது. கோல்முனைக் கூட்டத்தைவிட்டு விலகி, பெனால்ட்டி புள்ளிப் பக்கம் நியூகாசில் தடுப்பாளர் டான் பர்ன் நின்றார். சக வீரர் டிரிப்பியர் பந்தை வழக்கத்தைவிட ஆழமாக, அவரைத் தேடி அனுப்பினார். அங்கே பர்னைக் காத்து நின்றவர் அவரைவிட மிகக் குள்ளமான லிவர்பூல் வீரர் மக்காலிஸ்டர். அன்று ஓல்ட் டிராஃபோர்டில் 81 கிராஸ்களை எதிர்த்து நின்ற ஃபுல்ஹாம் தடுப்பாளர்களில் ஒருவர் இதே பர்ன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்