என்ன பூச்சி என்று பார்த்துவிட்டு மருந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியை விடாமல் படிப்பவள் நான். கரப்பானுக்கு இதைத் தூவுங்கள், எலிக்கு அதை வையுங்கள் என்று நிறைய வருகிறது. வீட்டுக்குள் வந்திருப்பது எது, எந்த வழியாக வந்தது என்று முதலில் பார்க்கச் சொல்லும் குறிப்பு மட்டும் கண்ணில் படுவதே இல்லை.

கரப்பான் பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் முக்கியமாக இரண்டு வகை. ராத்திரி பாத்ரூம் விளக்கைப் போட்டதும் ஓடுகிறதே, செம்பழுப்பில், ஒன்றரை அங்குல நீளத்துக்கு, அது சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் குடியிருப்பது. வீட்டுக்குள் எவ்வளவு மருந்தடித்தாலும் கீழேயிருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் போகும் துளைக்கு நெருக்கமான வலைமூடி போட்டு, சிங்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்துச் சந்தை சிமென்ட் வைத்து அடைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இன்னொன்று அரை அங்குலம்தான் இருக்கும். வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள். பலரும் இதைப் பெரிய கரப்பானின் குஞ்சு என்றே நினைக்கிறார்கள். இது தனி வகை. முழுசாக வளர்ந்ததே அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், மிக்ஸிக்கு அடியில், அலமாரிக் கீல் இடுக்கு என்று சூடும் ஈரமும் கிடைக்கும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட பையை, பொரிக்கும் சமயம் வரை வயிற்றோடு சுமந்து திரிவதால் மளமளவென்று பெருகிவிடும். பெரும்பாலும் கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டியிலோ பழைய ஃப்ரிட்ஜிலோதான் வீட்டுக்குள் நுழைகிறது. இதற்கு ஜெல் மருந்தைச் சிறு சிறு புள்ளியாக அந்த இடுக்குகளில் வைப்பதே சரி. ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரேயும் அடித்தால் பூச்சி அந்தப் பக்கமே வராது. போட்ட காசு வீண்.

மழைக்கு அப்புறம் விளக்கைச் சுற்றும் ஈசலைப் பார்த்து, வீட்டில் கறையான் வந்துவிட்டது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. வெளியிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தவை என்றால் விளக்கை அணைத்தால் போதும். சுவரிலோ கதவு நிலையிலோ மண் கோடு ஏறியிருந்தால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

இனி எலி. இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்தபோது மனசு ஆறவில்லை. இத்தனைக்கும் அங்கே மருந்து வைத்தது அதையே தொழிலாகச் செய்கிறவர்கள். தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எலிக்கென்று வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். அதற்கு முறிமருந்தே கிடையாது. பொதுமக்களுக்கு விற்கவே கூடாத சரக்கு அது. படுக்கும் அறையில் எந்தக் காரணத்துக்காகவும் அதை வைக்கவே கூடாது.

வீட்டு எலிக்குப் பொறியும் அடைப்பும் போதும். சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் சந்து இருந்தால் போதும், புகுந்துவிடும். வாசல் கதவின் அடி இடைவெளி, ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டை, கேஸ் டியூப் வரும் துளை, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். துணியும் தெர்மாகோலும் வைத்தால் கடித்துவிடும். இரும்பு நாரைத் திணித்து அதன்மேல் சிமென்ட் பூச வேண்டும். கூரான மூக்கோடு, கீச்கீச்சென்று கத்திக்கொண்டு சுவர் ஓரமாக ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வாழ்வது. அதற்குப் போய் விஷம் வைக்கிறார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

மருந்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், டப்பாவில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம். பச்சைதான் எல்லாவற்றிலும் குறைவானது. பொட்டலம் கட்டித் தரும் மருந்தில் இந்த அடையாளமே இருக்காது, அதனால் அதைத் தொடவே வேண்டாம்.

இந்த நிறங்களையும், இரண்டு கரப்பான்களின் படங்களையும், எலி, மூஞ்சூறு படங்களையும் ஒரே பக்கத்தில் வண்ணத்தில் அச்சிட்டுத் தாருங்கள். சமையலறைக் கதவில் ஒட்டி வைக்கலாம். அந்த மாத்திரை சாதாரண ஆட்கள் கைக்கு எப்படிப் போகிறது என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்