எதற்கு மதிப்பெண் தருகிறீர்கள்? விவாதப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி, கல்லூரி விவாதப் போட்டிகளை நடத்துவோருக்கும் அவற்றில் நடுவராக அமர்வோருக்கும் வணக்கம்.

போட்டி முடிந்ததும் நீங்கள் நிரப்பித் தரும் மதிப்பெண் தாளைப் பற்றியே இம்மடல். குரல்வளம், மொழிநடை, உடல்மொழி, நேர ஒழுங்கு, எதிரணியை மறுத்த திறன் எனப் பகுத்து மதிப்பெண் இடுகிறீர்கள். சொன்ன காரணத்திலிருந்து சொன்ன முடிவு உண்மையிலேயே பிறக்கிறதா என்று பார்ப்பதற்கு அந்தத் தாளில் பெரும்பாலும் இடமே இருப்பதில்லை. மாணவர்களைப் பயிற்றுவித்து உங்கள் முன் அனுப்பும் பணியில் இருக்கிறேன். இந்த ஒரு குறை அவர்களுடைய சிந்தனையை எவ்வாறு திருகிவிடுகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வீட்டுப்பாடம் தேவையா என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவி, ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு வீட்டுப்பாடத்தைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டு, அந்த வயதில் அது கற்றலை வளர்ப்பதற்கான சான்று வலுவாக இல்லை என்கிறாள். எதிரணி மாணவன் எழுந்து, "பிள்ளைகள் படிக்கவே வேண்டாம் என்கிறாரா என் தோழி? படிப்பில்லாத தலைமுறையின் கையிலா நாளைய உலகத்தை ஒப்படைக்கப் போகிறோம்?" என்று முழங்குகிறான். அரங்கம் கைதட்டுகிறது. மாணவி குறைக்கச் சொன்னாளே தவிர நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தைத்தான் சொன்னாள், படிப்பை அன்று. ஆனால் மறுப்புரைக்கு அவளுக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடங்களில் பாதி, தான் சொல்லாததைச் சொல்லவில்லை என்று நிறுவுவதிலேயே கழிந்துவிடுகிறது. அது பார்ப்பவர்களுக்குத் தடுமாற்றமாகத் தெரிகிறது. மாணவனுடைய தாளில் "மறுப்புத் திறன் சிறப்பு" என்று பதிவாகிறது. பிறர் கூற்றைத் திரித்து, திரித்ததைத் தாக்கினால் பரிசு கிடைக்கும் என்பதை அன்று அந்த அரங்கில் இருந்த பிள்ளைகள் அனைவரும் கற்றுக்கொள்கிறார்கள்.

வாதிடுவதில் தரவேறுபாடு உண்டு என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. பண்டைய இந்தியத் தருக்கப் பள்ளிகளுள் ஒன்றான நியாய மரபினர் உண்மையைக் காண்பதற்காக இருதரப்பும் கூடிச் செய்யும் வாதத்தையும், வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்ட ஜல்பத்தையும், தனக்கென ஒரு நிலைப்பாட்டை நிறுவாமல் பிறர் கூற்றை உடைப்பதோடு நின்றுவிடும் விதண்டையையும் வேறு வேறாக வைத்தார்கள். மணிமேகலையின் 29ஆம் காதை பக்கப்போலி (நிறுவ வந்த கூற்றில் பழுது), ஏதுப்போலி (காரணத்தில் பழுது), திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் பழுது) என்று வாதத்தின் எந்த உறுப்பில் பழுது இருக்கிறது என்பதைக் கொண்டு போலிகளை, அதாவது சரிபோலத் தோன்றும் பழுதான வாதங்களை, பகுத்துக் காட்டுகிறது. நம் போட்டிகள் முதல் வகையின் பெயரைச் சூடிக்கொண்டு இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கே கோப்பை வழங்குகின்றன என்பது என் கணிப்பு.

போட்டி என்றால் வெற்றிதானே நோக்கம், உண்மையைத் தேடுவதற்கு நூலகம் இருக்கிறதே என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அதற்கு ஓர் ஆய்வைக் காட்ட விரும்புகிறேன். உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் ஒரு புதிரை வெளியிட்டார். மேசைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஆங்கில எழுத்து, மறுபக்கம் எண். கண்ணுக்குத் தெரிபவை ஈ (E), கே (K), 4, 7. ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும் என்பது விதி. அது மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்த அட்டைகளைப் புரட்ட வேண்டும்? பெரும்பாலோர் ஈயையும் 4ஐயும், அல்லது ஈயை மட்டும் சொல்கிறார்கள். 4இன் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது; 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். ஆகவே ஈயும் 7உமே விடை. விதியை மெய்ப்பிக்கும் அட்டையை நோக்கிக் கை தானாகப் போகிறது. பொய்ப்பிக்கக்கூடிய அட்டை கண்ணில் படுவதில்லை. 1998இல் டேவிட் மாஷ்மனும் மாலி கீலும் இதே புதிரைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தபோது, தனியே முயன்றவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே சரியான விடையைக் கண்டனர். சிறு குழுக்களாக அமர்ந்து காரணம் கேட்டுக் காரணம் சொல்லி விவாதித்தபோதோ, ஏறத்தாழ நான்கில் மூன்று குழுக்கள் கண்டன. தனிமனிதனின் சிந்தனையில் உள்ள ஓட்டையை அடைக்க வல்லது விவாதம். அத்தகைய கருவியைக் கைதட்டலுக்காகச் செலவழிப்பது பெரிய இழப்பு.

போலிகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வைத்தால் இது சரியாகிவிடும் என்று சில பயிற்சி வகுப்புகள் நம்புகின்றன. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பெயர் தெரிந்த மாணவன், எதிராளி வாயைத் திறந்ததும் "இது தனிநபர் தாக்குதல்", "இது சறுக்குமர வாதம்" என்று முத்திரை குத்திவிட்டு அமர்ந்துவிடுகிறான். ஆளைக் குறித்த கேள்வி எல்லாமே போலி ஆகிவிடாது. ஒருவர் தாம் கண்ணால் கண்டதாகச் சொல்லி நம்மை நம்பச் சொல்லும்போது, அவர் முன்பு பொய்ச்சாட்சி சொன்னவரா என்பது பொருத்தமான கேள்வியே. அவர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டும்போதுதான் அது பொருந்தாது, ஏனெனில் கணக்கை நாமே சரிபார்க்கலாம். ஒரு படி அடுத்த படிக்குக் கொண்டுபோய்விடும் என்ற சறுக்குமர வாதமும் அப்படித்தான். ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே சான்று இருந்தால் அது எச்சரிக்கை, இல்லாவிட்டால் வெறும் அச்சுறுத்தல். இன்னொன்றும் உண்டு. ஒரு முடிவுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணம் பழுதானது என்பதால் அந்த முடிவே பொய்யாகிவிடாது. இதை அறியாமல் "எதிரணியின் வாதம் போலி, எனவே எங்கள் கருத்தே சரி" என்று முடிப்பவனுக்கும் நீங்கள் மதிப்பெண் தருகிறீர்கள்.

கேட்போரை மலைக்கச் செய்யும் ஓர் எண்ணைச் சரியாக ஆராயாமல் ஏற்றுக்கொண்டால் என்ன நேரும் என்பதை இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கு காட்டுகிறது. இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாக அந்தத் தாய்க்கு 1999இல் தண்டனை விதிக்கப்பட்டது. அவருடையதைப் போன்ற குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் காரணம் அறியா மரணம் அடைவதற்கான வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று என்று மருத்துவ வல்லுநர் ஒருவர் நீதிமன்றத்தில் கூறினார். ஒரு மரணத்துக்கான வாய்ப்பான 8,543இல் ஒன்று என்பதை அதே எண்ணால் பெருக்கிக் கிடைத்த தொகை அது. ஒரே வீட்டில் நிகழ்ந்த இரு மரணங்களும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று கொண்டால் மட்டுமே அப்படிப் பெருக்கலாம். அதைவிட ஆழமான பிழை, அந்த எண்ணை அந்தத் தாய் குற்றமற்றவராக இருப்பதற்கான வாய்ப்பாக எடுத்துக்கொள்ள இடம் கொடுத்ததாகும். ஒரு தாய் தன் குழந்தைகள் இருவரைக் கொல்வதும் மிக அரியது. இரண்டு அரிய நிகழ்வுகளில் எது கூடுதல் வாய்ப்புள்ளது என்றே ஒப்பிட்டிருக்க வேண்டும். 2001இல் அரச புள்ளியியல் கழகம் அந்தக் கணக்கைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. மறைக்கப்பட்டிருந்த மருத்துவச் சான்று வெளிவந்த பிறகு, 2003இல் தண்டனை நீக்கப்பட்டது. நம் அரங்குகளில் பேசிப் பழகும் பிள்ளைகளே நாளை நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் ஆட்சிமன்றத்திலும் அமர்ந்து இத்தகைய எண்களைக் கேட்கப் போகிறவர்கள்.

எனவே என் வேண்டுகோள் இது. மறுப்புரை தொடங்குமுன், எதிரணியின் கருத்தை எதிரணியே "ஆம், நாங்கள் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். அதற்கு மதிப்பெண்ணும் ஒதுக்குங்கள். எதிரணியின் வலுவான ஒரு காரணத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கேற்பத் தன் நிலைப்பாட்டைச் செதுக்கிக்கொள்ளும் மாணவருக்கு இப்போது குறைக்கும் மதிப்பெண்ணைக் கூட்டுங்கள். தீர்ப்புரையில் யார் உணர்ச்சியோடு பேசினார் என்பதோடு நிறுத்திவிடாமல், எந்தக் காரணம் முடிவைத் தாங்கியது, எது தாங்கவில்லை, ஏன் என்பதை ஒவ்வொரு அணிக்கும் ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்லுங்கள். குரல்வளத்துக்கு உரிய மதிப்பெண் இருக்கட்டும், அதன்மேல் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் காரணத்தின் உறுதிக்குத் தரும் மதிப்பெண்ணை அது விஞ்சக் கூடாது. அடுத்த போட்டிக்கான தாள் அச்சுக்குப் போகுமுன் இந்த மாற்றங்களைப் பரிசீலித்து, ஒரே ஒரு சுற்றிலாவது நடைமுறைப்படுத்திப் பாருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விவாதப் பயிற்சியாளர் ஒருவர்