புது வண்டியும் வராத நம்பர் பிளேட்டும்

சான் ஹோசே, கலிபோர்னியா

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அம்மா, அண்ணி, குழந்தைகள் நலமறிய ஆவல். ஐப்பசி மழை கோத்தகிரியில் விட்டபாடில்லை என்று அண்ணி எழுதியிருந்தார்கள். மண் சரியும் நாட்களில் குஞ்சப்பனை ரோட்டில் இருட்டிய பிறகு வண்டி எடுக்க வேண்டாம்.

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள். இங்கே புதுக் காரின் பின்னால் காகிதத்தில் நம்பர் ஒட்டியிருக்கிறதே, அமெரிக்காவிலுமா இப்படி என்பது ஒன்று. கோயமுத்தூரில் எடுத்த நம் வண்டிக்கு நம்பர் பிளேட் இன்னும் வரவில்லை, டீலர் இழுத்தடிக்கிறாரா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். தகட்டில் எழுத்து அடிக்க அதிக நேரம் ஆகாது. அதற்கு முன்னால் போக வேண்டிய காகிதம் ஏதாவது ஒரு மேஜையில் நின்றுவிடுகிறது. எந்த மேஜை என்று கண்டுபிடிக்காமல் யாரைத் திட்டியும் பயனில்லை. குன்னூர் அத்தை மகன் இங்கே வேலைக்கு வருகிறானாமே, அவனுக்கும் உதவும் என்பதால் இந்த ஊர் நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஆர்.டி.ஓ. அலுவலகம் பார்க்கும் வேலையை இங்கே டி.எம்.வி. பார்க்கிறது. 2019 ஜனவரிக்கு முன்பு கலிபோர்னியாவில் புது வண்டிகள் டீலரின் விளம்பர அட்டையை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஓடின. பாலத்துச் சுங்கக் கேமராவில் நம்பர் விழாது, பணமும் வராது. அதை அடைக்கத்தான் தற்காலிக பிளேட் சட்டம் வந்தது. இப்போது டீலர் விற்பனையைக் கணினியில் பதிந்து, அங்கேயே ஒரு தற்காலிக நம்பரை அச்சடித்து மாட்டித்தான் வண்டியை வெளியே விட வேண்டும். நம்பரோடு முடியும் தேதியும் பெரிதாக இருக்கும். 90 நாள் செல்லும். அதில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் பெரிய குற்றம். தேதியைப் பேனாவால் மாற்றிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்று அத்தை மகனிடம் சொல்லிவையுங்கள்.

டீலர் முழு விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் புது வண்டியானால் 20 நாளுக்குள் டி.எம்.வி.க்குக் கொடுக்க வேண்டும், பழைய வண்டியானால் 30 நாள். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு அலுமினியப் பிளேட்டும், ஸ்டிக்கரும், பதிவு அட்டையும் தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். அந்தப் பிளேட்டுகளை அடிப்பவர்கள் யார் தெரியுமா? ஃபோல்சம் சிறைச்சாலைக் கைதிகள். ஆனால் தாமதத்துக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

காகிதம் நிற்கும் இடங்களில் முதலாவது பெயர். நம்மவர்களுக்கு இது பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராக நிற்கும், வங்கிக் கணக்கில் வெறும் இனிஷியல் இருக்கும், வேலை இடத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கும். கடன் தாளில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் ஒரு மாதிரி என்று போய்விட்டால் திரும்பி வரும். ஓட்டுநர் உரிமத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லாத் தாளிலும் போடச் சொல்ல வேண்டும். உரிமத்திலேயே தப்பு இருந்தால் வண்டி வாங்கும் முன் அதைத் திருத்திவிடுவது நல்லது.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கினால் இன்னொரு கண்ணி உண்டு. இரண்டு பெயருக்கும் நடுவில் 'ஆண்ட்' என்று போட்டால் பின்னாளில் விற்க இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், நம் ஊர்க் கூட்டுப் பட்டா மாதிரி. 'ஆர்' என்று போட்டால் ஒருவர் போதும். சாய்கோடு போட்டாலும் 'ஆண்ட்' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் கையெழுத்து விட்டுப்போய், அது தெரியாமலே விண்ணப்பம் கிடப்பில் கிடப்பது சாதாரணம்.

அடுத்தது சேசிஸ் எண். இங்கே அதை வி.ஐ.என். என்பார்கள். 17 எழுத்தும் எண்ணும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக்கூடாது என்றுதான் விட்டிருக்கிறார்கள். ஆகவே தாளில் எங்காவது 'ஓ' தெரிந்தால் அந்த இடமே தப்பு. முன் கண்ணாடியின் அடியில், ஓட்டுநர் பக்கம் பொறித்திருக்கும் எண்ணோடு விற்பனைத் தாளையும் இன்சூரன்ஸ் தாளையும் சாவி வாங்கும் முன்பே ஒத்துப் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனம் இந்த எண்ணை வைத்துத்தான் டி.எம்.வி.க்குத் தகவல் அனுப்புகிறது. ஒரு எழுத்து மாறினால் பிளேட் கையில் வந்த பிறகும் 'வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, பதிவை நிறுத்துகிறோம்' என்று தனியாக ஒரு கடிதம் வந்து சேரும்.

முகவரியிலும் கவனம் வேண்டும். அடுக்குமாடியில் வீட்டு எண் விட்டுப்போனால் பிளேட் வந்த வழியே திரும்பும். புதிதாக வருபவர்கள் முதல் வருடத்தில் இரண்டு வீடாவது மாறுவார்கள். தபால் நிலையத்தில் மட்டும் முகவரி மாற்றிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது, டி.எம்.வி.க்குத் தனியாக, 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். இணையத்திலேயே சொல்லலாம்.

பிளேட் வராவிட்டால் டீலரின் விற்பனையாளரைக் கூப்பிடுவதில் பயனில்லை. வண்டி போனதும் அவர் கணக்கில் அது முடிந்துபோன விஷயம். டி.எம்.வி. வேலை பார்க்கும் குமாஸ்தா ஒருவர் அங்கே உண்டு, அவரைக் கேட்க வேண்டும். விற்பனை அறிக்கை எண் என்ன? விண்ணப்பம் எந்தத் தேதியில் போனது? ஆர்.டி.எஃப். வந்திருக்கிறதா? கட்டணத்தை எடுத்துக்கொண்டோம், தாள் பாக்கி இருக்கிறது என்று டி.எம்.வி. கொடுக்கும் சீட்டுதான் இந்த ஆர்.டி.எஃப். அது வந்திருந்தால் என்ன தாள் பாக்கி என்பது அதிலேயே இருக்கும். 'சிஸ்டத்தில் இருக்கிறது சார்' என்ற பதில் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான், அதை ஏற்கக்கூடாது.

விண்ணப்பம் முடிந்து பிளேட் தபாலில்தான் தொலைந்தது என்றால் வேறு பிளேட் கேட்டு 'ரெக் 156' என்ற படிவம் போட வேண்டும். டீலர் விண்ணப்பத்தையே அனுப்பாமல் வைத்திருந்தால் டி.எம்.வி.யின் புலனாய்வுப் பிரிவுக்குப் புகார் கொடுக்கலாம். டீலருக்கு உரிமம் கொடுப்பது டி.எம்.வி. என்பதால் அந்தப் பேச்சை எடுத்ததுமே பல இடங்களில் காகிதம் நகரும்.

90 நாள் முடியப் போகிறது என்றால் கடைசி வாரம் வரை காத்திருக்கக்கூடாது. கட்டணம் கட்டியாகி, தாள் மட்டும் பாக்கி என்ற நிலையில் டி.எம்.வி. அலுவலகத்தில் தற்காலிக ஓட்ட அனுமதிச் சீட்டு கேட்கலாம், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தேதி போன காகிதத்தோடு ஓட்டிப் போலீஸ் பிடித்தால் பெரும்பாலும் 'சரிசெய்து காட்டு' என்ற வகைச் சீட்டுதான் கொடுப்பார்கள். பிளேட் மாட்டியதைக் காட்டி 25 டாலர் கட்டினால் தள்ளுபடியாகும். ஆனாலும் அலைச்சல்.

பிளேட் வந்த அன்றே செய்ய வேண்டியது சுங்கக் கணக்கு. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பாலங்களில் பணம் வாங்க ஆள் கிடையாது. ஃபாஸ்ட்ராக் என்ற சுங்கக் கணக்கில் முதலில் தற்காலிக நம்பரைச் சேர்த்து, நிரந்தர நம்பர் வந்ததும் மாற்ற வேண்டும். மறந்தால் பில் தனியாக வந்து, அபராதமும் ஏறும். இந்த ஊர்ப் பிளேட் 12 அங்குல நீளம், 6 அங்குல உயரம். மாத ஸ்டிக்கர் பின் பிளேட்டின் இடது மேல் மூலையில், வருட ஸ்டிக்கர் வலது மேல் மூலையில். முன் பிளேட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, ஆனால் பிளேட் கட்டாயம். அழகுக்குப் பிளேட்டைச் சுற்றி ஃப்ரேம் மாட்டினால் ஸ்டிக்கர் மறையக்கூடாது.

எல்லா மாநிலமும் இப்படி இல்லை. டெக்சாஸில் கள்ளக் காகிதப் பிளேட்டு பெருகிப்போய், 2025 ஜூலை 1 முதல் காகிதத்தையே ஒழித்துவிட்டார்கள். டீலரே உலோகப் பிளேட் மாட்டிக் கொடுக்கிறார். நியூயார்க்கிலும் ஃபுளோரிடாவிலும் பிளேட் ஆளுக்குச் சொந்தம், பழைய வண்டியில் கழற்றிப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் சாதாரணப் பிளேட் வண்டியோடு போய்விடும்.

இனி நம் வண்டி. 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு தயாரான வண்டிக்கு எச்.எஸ்.ஆர்.பி. என்ற உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைத் தயாரிப்பாளரே டீலர் வழியாகக் கொடுக்க வேண்டும், விலை வண்டி விலையிலேயே அடக்கம். தனியாகப் பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். இணையத்தில் புக் செய்யும் தளங்கள் பழைய வண்டிக்காரர்களுக்கு, அவற்றில் போலிகளும் உண்டு. நீங்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

வண்டி கோயமுத்தூர், முகவரி கோத்தகிரி. அதனால் டி.ஆர். என்ற தற்காலிகப் பதிவு போட்டு, ஊட்டி ஆர்.டி.ஓ.வில் பதிவாகி, நீலகிரிக்கான டி.என். 43 நம்பர் விழ வேண்டும். நம்பர் விழாமல் பிளேட்டுக்கு ஆர்டரே போகாது. ஆகவே டீலரிடம் 'பிளேட் எப்போது வரும்' என்று கேட்காதீர்கள். நம்பர் விழுந்ததா என்று முதலில் கேளுங்கள். விழாவிட்டால் பதிவு விண்ணப்பமான படிவம் 20இல் என்ன குறை என்று கேளுங்கள்: கடன் வங்கியின் பெயரா, ஆதாரில் இனிஷியலா, வாழ்நாள் வரியா? விழுந்திருந்தால் ஆர்டர் போன தேதியையும் பொருத்தும் இடத்தையும் கேளுங்கள். நீலகிரியிலேயே டீலருக்குக் கிளை இருந்தால் பிளேட்டை அங்கே அனுப்பச் சொல்லுங்கள், மலை இறங்கி ஏறும் செலவு மிச்சம்.

அதுவரை சோதனைச்சாவடியில், நீலகிரிக்கு ஏறும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் கேட்பார்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடக்கும் இந்த முறையில் டி.என். 43 வண்டிக்கு விலக்கு உண்டு. தற்காலிக நம்பரைப் பார்த்ததும் வெளியூர் வண்டி என்று நிறுத்துவார்கள். டி.ஆர். தாளும், கோத்தகிரி முகவரியுள்ள ஆதாரும் கையில் இருக்கட்டும். கீழே போய்த் திரும்பும் நாளில் முன்கூட்டியே பாஸ் எடுத்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். சீசன் சனிக்கிழமையில் சாவடியில் நின்றுகொண்டு போனில் பாஸ் தேடுவது வீண் தலைவலி.

ஆர்.சி. ஸ்பீடு போஸ்ட்டில் வரும். நம் பக்கம் ஒரே பெயரில் இரண்டு மூன்று ஹட்டி (படுகர் ஊர்) இருப்பதால், முகவரியில் தபால் நிலையப் பெயர், 643217 என்ற பின்கோடு, செல்போன் எண் மூன்றும் சரியா என்று டீலரிடம் இப்போதே பாருங்கள். போஸ்ட்மேன் ஆளைக் காணாமல் திருப்பிவிட்டால் அது ஊட்டி ஆர்.டி.ஓ.வுக்கே போய்விடும், மறுபடி வரவழைக்க அலைய வேண்டிவரும்.

அத்தை மகனைப் புறப்படும் முன் ஒருமுறை எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அம்மாவின் மூட்டுவலிக்கு மாத்திரை தொடர்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தம்பி

பி.கு.: பிளேட் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், இடது கீழே லேசரில் பொறித்த 10 இலக்க எண் இருக்கும். முன் தகட்டு எண் வேறு, பின் தகட்டு எண் வேறு. இரண்டு தகட்டோடு மூன்றாவதாகக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், டீசல் வண்டிக்கு ஆரஞ்சு நிறம். பிளேட்டைப் பிடிக்கும் பூட்டு ஒருமுறை அடித்தால் கழற்ற முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சாதா ஸ்க்ரூ போட்டு அனுப்பினால் வண்டியை எடுக்காதீர்கள்.