ஆல்பம் எப்படி இருக்குன்னு எப்ப சார் சொல்லுவீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர் ஞாயித்துக்கிழமை இணைப்புல வெளிநாட்டு இண்டி (பெரிய கம்பெனிகளைச் சாராத), எக்ஸ்பெரிமென்டல் (சோதனை முயற்சி) ஆல்பங்களைப் பத்தி வர்ற தொடரை விடாம படிக்கிறேன். சினிமா பாட்டை விட்டா உலகத்துல வேற இசையே இல்லங்கற மாதிரி நடந்துக்கிற பேப்பர்களுக்கு நடுவுல இதுக்குன்னு அரைப் பக்கம் ஒதுக்குறீங்க, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா ஒரு குறை இருக்கு, அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர். வாராவாரம் ஆல்பம் உருவான கதை வருது, பாடினவர் பட்ட கஷ்டம் வருது, கம்பெனி நொடிச்சுப்போன கதை வருது, சரி அதைப் போட்டா காதுல என்ன விழும், நல்லாருக்கா இல்லையா, எந்தப் பாட்டுல தூக்கம் வரும்னு ஒரு வரி கூட வர மாட்டேங்குது. படிச்சு முடிச்சா ஒரு சினிமாக் கதை கேட்ட மாதிரி இருக்கு, ஆல்பத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியல.

உதாரணத்துக்கு பான் இவேர். 'ஃபார் எம்மா, ஃபாரெவர் எகோ'ன்னு பேச்செடுத்தாலே எல்லாரும் அந்தக் காட்டு வீட்டுக்குப் போயிடுறாங்க. பான் இவேர்ங்கற பேர்ல பாடுற ஜஸ்டின் வெர்னன் முன்னாடி இருந்த பேண்ட் உடைஞ்சுது, காதலும் போச்சு, உடம்புக்கும் முடியல, அப்பாவோட வேட்டை கேபின் விஸ்கான்சின்ல இருந்துச்சு, அங்க போய் பனிக்காலம் முழுக்க தனியா உக்காந்து ரெக்கார்ட் பண்ணினார், 2007-ல தானே வெளியிட்டார், அடுத்த வருஷம் ஜாக்ஜாகுவார் கம்பெனி எடுத்துப் போட்டுச்சு. எல்லாம் நிஜம்தான். ஆனா டைட்டில் பாட்டுல வர்ற டிரம்பெட்டும் டிராம்போனும் வேற ஆளுங்க வாசிச்சது, அது 'தனி மனுஷன்' கதைக்கு ஒத்து வராதுன்னு யாரும் சொல்றதில்ல. சொல்ல வேண்டியது என்னன்னா, அவர் தன் குரலையே உச்ச ஸ்தாயில அடுக்கடுக்கா ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு ஒரே ஆளை கோரஸ் ஆக்கியிருக்கார், அதனாலதான் வார்த்தை பாதி புரியலேன்னாலும் நெஞ்சைப் புடிக்குது. என் கணக்குல முதல் பாதி அருமை, பின்பாதியில ஒரே டெக்னிக் திரும்பத் திரும்ப வந்து கொஞ்சம் சலிக்குது. இப்படி ஒரு வரி உங்க தொடர்ல வந்திருந்தா நான் ஒத்துக்குவேனோ சண்டைக்கு வருவேனோ, எதுவா இருந்தாலும் ஆல்பத்தைப் பத்திதானே பேசியிருப்போம்.

வில்லியம் பசின்ஸ்கியோட 'டிஸ்இன்டகிரேஷன் லூப்ஸ்' இன்னும் மோசம், அதாவது ஆல்பம் இல்ல, அதைச் சுத்தி நடக்குற பேச்சு. 80கள்ல செஞ்சு வெச்ச டேப் லூப்களை (ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி ஒட்டின டேப்) 2001-ல டிஜிட்டலா மாத்தலாம்னு ஓட விட்டிருக்கார், பழைய டேப்ல இருந்த காந்தப் பூச்சு ஓட ஓட உதிர ஆரம்பிச்சுது, அந்த உதிர்றதையே அப்படியே ரெக்கார்ட் பண்ணிட்டார். செப்டம்பர் 11 அன்னிக்கு புரூக்ளின் மொட்டை மாடியில இருந்து அந்தப் புகையை வீடியோ எடுத்தார், அந்தப் படம்தான் அட்டையில வந்துச்சு. இங்க ஒரு விஷயம் கவனிங்க, அந்த லூப்கள் உதிர்ந்தது தாக்குதலுக்கு முன்னாடி. இரட்டைக் கோபுரத்துக்காகப் போட்ட இசை இல்ல அது. ஆனா கதையைப் படிச்சுட்டு போட்டீங்கன்னா முதல் நிமிஷத்துலயே கண்ணு கலங்கிடும், காது வேலையே செய்யாது. கதையை மறந்துட்டு கேட்டா என்னன்னா, முதல் துண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல, சில வினாடி நீளமுள்ள ஒரு மெட்டு, ஏதோ பேண்ட் வாத்தியம் தூரத்துல கேக்குற மாதிரி, அதே தான் சுத்திச் சுத்தி வருது. ரொம்ப நேரம் எதுவுமே மாறலன்னு தோணும். அப்புறம் மெட்டுக்கு நடுவுல சின்னச் சின்ன ஓட்டை விழும், சர்சர்னு ஒரு சத்தம், அடுத்த சுத்துல அந்த ஓட்டை கொஞ்சம் பெருசாகும். கடைசியில மெட்டை நம்ம மனசுதான் பாடிட்டு இருக்கும், ஸ்பீக்கர்ல பாதிக்கு மேல இருக்காது. இந்த இடத்துக்காக நான் அந்த ஆல்பத்தை மதிக்கிறேன். ஆனா மொத்தம் நாலு வால்யூம் வந்துச்சே, அந்த நாலும் வேணுமான்னு கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன், முதலாவது போதும்.

மை பிளடி வேலன்டைன் பேண்டோட 'லவ்லெஸ்' கதை உங்க வாசகர்களுக்கு மனப்பாடமாவே ஆகியிருக்கும், ரெண்டு வருஷம், ஏகப்பட்ட ஸ்டூடியோ, கிரியேஷன் கம்பெனியே திவாலாகப் பாத்துச்சு, பேண்டோட கிடாரிஸ்ட் கெவின் ஷீல்ட்ஸ் அந்தச் செலவுக் கணக்கை ஒத்துக்கவே இல்ல, இத்யாதி. 1991-ல வந்த அந்த ஆல்பத்துல அவர் கிடார்ல டிரெமலோ கம்பியை (சுருதியை ஏத்தி இறக்குற கைப்பிடி) கையிலயே புடிச்சுக்கிட்டு வாசிக்கிறதால சுருதி ஏறி இறங்கி மிதக்குது, அது பேஸ்மென்ட் இல்லாத கட்டடம் மாதிரி ஆடுது, அதுதான் சார் விஷயம். கம்பெனி கணக்கு வழக்கு ஆடிட்டருக்கு.

இப்ப நல்ல விஷயத்துக்கு வர்றேன். கதையே தெரியாதவங்ககிட்ட போட்டுக் காட்டி ஜெயிச்ச ஆல்பம்னு நான் சொல்றது லோ பேண்டோட 'டபுள் நெகட்டிவ்'. அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்து டுலூத் ஊர்க்காரங்க, ஆலன் ஸ்பார்ஹாக்கும் மிமி பார்க்கரும் புருஷன் பொண்டாட்டி, 1993-ல ஆரம்பிச்ச பேண்ட். மெதுவா, ரொம்ப மெதுவா, சத்தமே இல்லாம வாசிக்கிறதுக்குப் பேர் போனவங்க, மிமி நின்னுக்கிட்டே ரெண்டு மூணு டிரம்மை மட்டும் வெச்சு பிரஷ்ஷால தடவுற மாதிரி வாசிப்பாங்க. அப்படிப்பட்டவங்க 2018-ல பி.ஜே. பர்ட்டன்னு ஒரு புரொட்யூசரோட உக்காந்து தங்களோட பாட்டையே கிழிச்சுப் போட்டாங்க. முதல் பாட்டு 'க்வோரம்' ஸ்டேஷன் சரியா புடிக்காத ரேடியோ மாதிரிதான் ஆரம்பிக்கும்.

எங்க அக்கா வீட்டுக்காரர் மைக் செட் கடை வெச்சிருக்கார், கோயில் திருவிழா கல்யாணம்னு இருபத்தஞ்சு வருஷமா அதே தொழில், இங்கிலீஷ் பாட்டு பக்கமே போகாதவர். அவர் கடையில ஒரு மத்தியானம் சும்மா இருந்தப்ப, யாரு என்னன்னு எதுவும் சொல்லாம அவரோட நல்ல பாக்ஸ்லயே அதைப் போட்டேன். முதல்ல எழுந்து போய் ஒயரைப் பாத்தார், ஜாக்கை உருவி மாட்டினார், ஆம்ப்ளிஃபையர் கிளிப் ஆகுதுடான்னார். நான் பேசல. ஒரு நிமிஷம் போயிருக்கும், வால்யூம் நாப்ல கையை வெச்சுக்கிட்டே நின்னார், "மாப்ள, இது கம்ப்ளைன்ட் இல்ல. சத்தம் எழும்பும்போது குரல் அமுங்குது, சத்தம் விழுந்ததும் குரல் மேல வருது, தாளம் தப்பாம வருது பாரு, எவனோ வேணும்னே பண்ணிருக்கான்"னார். அப்புறம் மூணாவது பாட்டு 'ஃப்ளை' வந்துச்சு, அடியில பேஸ் மட்டும் துடிக்க மிமி குரல் மேலே மேலே போகும், அப்ப உக்காந்துட்டார், கடைக்கு வந்த ஆளை "கொஞ்சம் இருப்பா"ன்னு நிறுத்தி வெச்சார். அவர் சொன்ன ரெண்டு வரியை விட தெளிவா அந்த ஆல்பத்தைப் பத்தி நான் எங்கயும் படிச்சதில்ல, பெரிய பெரிய விமர்சகர்கள் எழுதினதையும் சேத்துத்தான் சொல்றேன். (கடைசி வரைக்கும் உக்காரல அவர், ஒரு சாவு வீட்டுக்கு செட் போடணும்னு கிளம்பிட்டார், அதுவும் உண்மை.)

மிமி பார்க்கர் 2022 நவம்பர்ல கேன்சர்ல இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் பாருங்க, இந்த ஆல்பத்துக்கும் ஒரு கதை வந்து ஒட்டிக்கிச்சு, சாவை முன்கூட்டியே பாடின ஆல்பம்ங்கற மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்க. ரெக்கார்ட் பண்ணினப்ப நோயே தெரியாது, அது தெரிய வந்தது ரொம்ப பின்னாடி. எனக்கும் அந்தக் குரலைக் கேட்டா இப்ப வேற மாதிரி இருக்கத்தான் செய்யுது, மறுக்கல. ஆனா 'டான்சிங் அண்ட் ஃபயர்'ல எல்லா இரைச்சலும் விலகி கிடாரும் குரலும் மட்டும் நிக்கிற இடம் 2018-லயே தொண்டையை அடைச்சுது, அதுக்கு யாரும் சாக வேண்டிய அவசியம் இல்ல.

டாக் டாக் பேண்டோட 'லாஃபிங் ஸ்டாக்' பத்தி நீங்க எழுதுறப்போ இருட்டு ஸ்டூடியோ, கடிகாரத்தை எடுத்து ஒளிச்சு வெச்சது, எண்ணெய் புரொஜெக்டர் வெளிச்சம் இதையெல்லாம் எழுதுவீங்கன்னு இப்பவே தெரியுது. எழுதுங்க, தப்பில்ல. கூடவே இதையும் எழுதுங்க. 80கள்ல டான்ஸ் பாட்டு ஹிட் கொடுத்த பேண்ட் 1991-ல கொண்டு வந்த ஆல்பம் வெறும் ஆம்ப் இரைச்சல்ல ஆரம்பிக்குது, எங்க அக்கா "இன்னும் பாட்டு வரலையா"ன்னு கேட்டது அப்பதான். ரெண்டாவது பாட்டு 'அசென்ஷன் டே' ஏறிக்கிட்டே போய் உச்சத்துல இருக்கறப்ப கத்தரி வெச்ச மாதிரி சட்டுனு நிக்குது, கரண்ட் போயிடுச்சோன்னு லைட்டைப் பாத்தவன் நான். 'ஆஃப்டர் த ஃபிளட்'ல ஒரே ஒரு நோட்டைப் புடிச்சுக்கிட்டு ஒரு சத்தம் ஒரு நிமிஷத்துக்கு மேல அலறும், இதுக்கு சோலோன்னு பேர், ஆனா வேகமா விரலை ஓட்டுற நூறு கிடார் சோலோவை இதுக்கு ஈடா தர மாட்டேன். ஊரே 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'தான் பெருசுங்குது, 1988-ல வந்தது, நல்ல ஆல்பம், ஆனா அதுல அமைதிக்கப்புறம் வெடிக்கிற இடமெல்லாம் இப்ப வெடிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சுடுது. பின்னாடி வந்ததுல அது தெரியாது. அந்த பேண்டோட பாடகர் மார்க் ஹாலிஸ் 1998-ல தனியா ஒரு ஆல்பம் போட்டுட்டு ஒதுங்கிட்டார், அது எனக்குப் புடிக்கும்னாலும் ராத்திரி ஊர் அடங்கினப்புறம் தவிர கேக்க முடியாது, எங்க தெருவுல ஒரு ஆட்டோ போனா பாதி ஆல்பம் காணாமப் போயிடும்.

நம்ம நாட்டுலயே இந்தக் கதை நோய்க்கு ஒரு ஆல்பம் சிக்கியிருக்கு. பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ராக்கள்ல வாசிச்சிட்டிருந்த சரண்ஜித் சிங் 1982-ல 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'னு ஒண்ணு போட்டார், ரோலண்ட் கம்பெனியோட 303 (பேஸ் சத்தம் தர்றது), 808 (டிரம் சத்தம் தர்றது) மெஷின்களை வெச்சு பத்து ராகம். அப்ப சீந்த ஆளில்ல. 2010-ல மறுபடி வெளியானதும் சிகாகோக்காரன் கண்டுபுடிக்கிறதுக்கு முன்னாடியே ஆசிட் ஹவுஸ்ங்கற, அதே 303 சத்தத்துல ஓடுற டான்ஸ் இசையை ஒரு இந்தியர் கண்டுபுடிச்சுட்டார்னு ஒரே கொண்டாட்டம். பெருமைதான், யார் இல்லன்னா. ஆனா வரிசையா பத்தையும் கேட்டீங்கன்னா எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே ஓட்டம், மெஷின் மேல ராகம் ஓடுதே தவிர ரெண்டும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கவே இல்லன்னு பல இடத்துல தோணும். பைரவ் வர்ற முதல் பாட்டுல மட்டும், நமக்கு அது மாயாமாளவகௌளை, அந்த 303 வழுக்குறதும் ராகத்தோட கமகமும் ஒண்ணா சேருது. பூபாலி, அதாவது நம்ம மோகனம், எனக்கு ஒட்டல. இதைச் சொன்னா தேசத்துரோகி மாதிரி பாக்குறாங்க சார், அவர் யாருக்கு முன்னாடி போட்டார்ங்கறது வேற, பாட்டு எப்படி இருக்குங்கறது வேற.

லூ ரீடோட 'மெட்டல் மெஷின் மியூசிக்' பத்தி எழுதாம இருந்தா நல்லது. 1975-ல வந்த நாலு சைடு கிடார் ஃபீட்பேக் (ஆம்ப்ளிஃபையர் கூவுற இரைச்சல்), முதல் சைடு தாண்ட என்னால முடியல, தாண்டினவங்களுக்கு என் வணக்கம்.

உங்க தொடரை எழுதுறவர் விஷயம் தெரிஞ்சவர்னு புரியுது, அதனாலதான் கேக்குறேன். கதைக்கு ரெண்டு பத்தி போதும். மிச்ச இடத்துல எந்தப் பாட்டுல ஆரம்பிக்கலாம், எது தேறாது, ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா ஓடுமா இல்ல ஹெட்ஃபோன் வேணுமா, அவருக்கே புடிச்சிருக்கா இல்லையா, இதைப் போடச் சொல்லுங்க. புடிக்கலன்னா புடிக்கலன்னே எழுதலாம், இதுவரைக்கும் ஒரு ஆல்பம் கூட அவருக்குப் புடிக்காமப் போனதா தெரியல, அது எப்படின்னு எனக்குப் புரியல. லோ ஆல்பம் உங்க லிஸ்ட்ல இருந்தா சீக்கிரம் போடுங்க, பேப்பர் வந்ததும் மைக் செட் கடையில ஒரு காப்பி கேட்டு வெச்சிருக்காங்க.

இப்படிக்கு,
உங்க ஞாயிறு வாசகன்,
கும்பகோணம்