முதல் மொட்டைக் கிள்ளலாமா?

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். கடைசிப் பறிப்பு முடிந்து மிளகாய் வற்றல் களத்தில் காய்கிறது. சித்திரை வெயிலுக்குக் கேட்கவா வேண்டும், அம்மா காலையும் மாலையும் கிளறிவிட்டுக்கொண்டிருக்கிறாள். நீ அனுப்பிய படங்களை நானும் அவளும் பெரிதாக்கிப் பார்த்தோம். குடைமிளகாய்ச் செடி ஒரு சாண்கூட வளரவில்லை, அதற்குள் மொட்டு வந்துவிட்டது, கிள்ளு என்று சிலரும் கிள்ளாதே என்று சிலரும் சொல்கிறார்கள், எனக்கோ கிள்ள மனசு வரவில்லை என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன் தாயி.

முதலில் நம் ஊர்க் கதை. ராமநாதபுரம் சீமையில் முண்டு, அதாவது நம் குண்டு மிளகாய், போடுகிற யாரும் பூவைக் கிள்ளுவதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, மழை ஈரத்தில் செடி எழும்பி, தை, மாசியில் பறிப்புக்கு வருகிற வெள்ளாமை இது. மழை நின்றதும் மண்ணில் இருக்கிற ஈரம்தான் கணக்கு. அது வற்றுவதற்குள் செடி காய்த்தாக வேண்டும். நமக்கு எடையும் நிறமும் தருவது முதல் பறிப்புகள்தான், கடைசிப் பறிப்பில் காய் சிறுத்துப்போகும். அப்படியிருக்க, வருகிற பூவைக் கிள்ளிப் போட்டுவிட்டு அடுத்த பூவுக்குக் காத்திருக்க நேரம் ஏது? 2023இல் நம் முண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் காயெல்லாம் கிள்ளாத செடியில் காய்த்ததுதான்.

ஓசூரில் உன் சின்ன மாமா பசுமைக்குடிலில் குடைமிளகாய் போடுகிறாரே, அங்கே வேறு மாதிரி. நாற்று நட்டுச் செடி கவட்டையாகப் பிரிகிற இடத்தில் வருகிற முதல் பூவை அவர் எடுத்துவிடுகிறார். அப்புறம் இரண்டு கிளையோ நான்கு கிளையோ மட்டும் விட்டு, கயிற்றில் ஏற்றி, மற்றதைக் கவாத்து பண்ணிவிடுவார். அவருக்கு ஒரே செடி ஒன்பது, பத்து மாதம் நின்று காய்க்க வேண்டும். சொட்டுநீர் இருக்கிறது, உரம் நீரோடு போகிறது, காலம் நிறைய இருக்கிறது. அவர் கிள்ளுவதும் சரி, நான் கிள்ளாததும் சரி. உனக்குச் சொல்கிறவர்கள் சண்டை போடுவதும் இதனால்தான். அவரவர் செடிக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்கிறார்கள்.

இனி செடியைக் கிட்டே போய்ப் பார். தண்டு நேராக ஏறி, பத்து இலை போல விட்டதும், நுனியில் மிளகளவு ஒரு மொட்டு வைக்கும். அந்த மொட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குருத்து கிளம்பும், சில செடியில் மூன்று. அதுதான் கவட்டை. பிறகு ஒவ்வொரு கிளையும் இலை விட்டு, ஒரு மொட்டு வைத்து, மறுபடி இரண்டாகப் பிரியும். மிளகாய்ச் செடி வளர்வதே இப்படித்தான். ஆகவே மொட்டைக் கிள்ளினால்தான் கிளை பிரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மொட்டு இருந்தாலும் போனாலும் கிளை பிரியும். தண்டின் கொழுந்தையே கிள்ளிவிடுவது வேறு வேலை, அது இப்போது உனக்கு வேண்டாம்.

பிறகு எதற்குக் கிள்ளுவது? பூவால் செடிக்குப் பெரிய பாரம் இல்லை. அது காயாகிவிட்டால்தான் வினை. இலை சமைக்கிற சாப்பாட்டை வளர்கிற காய் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வேருக்கும் கொழுந்துக்கும் குறைந்துபோகும், பின்னால் வருகிற பூவும் நிற்காமல் உதிரும். வளர்ந்த செடி இதைத் தாங்கிக்கொண்டு, ஒரு ஈடு காய்த்து, ஓய்ந்து, மறுபடி பூக்கும். குட்டிச் செடி ஒற்றைக் காயைப் பிடித்துக்கொண்டு அப்படியே குறுகி நின்றுவிடும். அதிலும் குடைமிளகாய் கனத்த காய். கவட்டைக்குள் பிடித்தால் இரண்டு கிளைக்கும் நடுவே நெருக்குண்டு கோணலாகிப்போகும்.

உன் செடிகளுக்கு வருகிறேன். ஜன்னலோரம் இருக்கிற குடைமிளகாய் நாற்றுகளில் இப்போது இருக்கிற மொட்டு எல்லாவற்றையும் கிள்ளிவிடு. தயங்காதே. சின்னத் தொட்டியில் வேர் நெருங்கினாலும் செடி அவசரப்பட்டுப் பூக்கும். தொட்டியின் அடித்துளையைப் பார், வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் பெரிய தொட்டிக்கு மாற்று. வீட்டுக்குள் வெளிச்சமும் குறைவு, அந்தப் பூவில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். காம்பு மஞ்சளாகி, தொட்டதும் கையோடு வரும். அப்படி உதிர்ந்தால் நோய் என்று பயந்து மருந்தைத் தேடாதே.

கிள்ளும்போது பூவைப் பிடித்து இழுக்கக் கூடாது. காம்பை இரண்டு நகத்துக்கும் நடுவில் வைத்து நறுக்கென்று கிள்ள வேண்டும். பக்கத்தில் இருக்கும் குருத்துகளில் நகம் படக் கூடாது, அதுதான் நாளைக்குக் கிளை.

டொராண்டோவில் மே கடைசிக்கு முன் வெளியே வைக்க முடியாது என்றாய். சரி, ராத்திரிக் குளிர் 13 டிகிரிக்குக் கீழே இறங்காத நாளாகப் பார்த்து வை. அதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள், தினமும் கொஞ்ச நேரம் நிழலில் வெளியே வைத்துப் பழக்கு. வைத்தபின் இரண்டு வாரம் வருகிற மொட்டையும் எடுத்துவிடு. புதுக் கொழுந்து பச்சையாகத் துளிர்த்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் கிள்ளாதே. முதல் கவட்டையில் பூ இன்னும் இருந்தால் அந்த ஒற்றைப் பூவை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் காய்க்க விடு. உங்கள் ஊரில் அக்டோபரில் உறைபனி வந்துவிடுமே. நமக்கு ஈரம் எப்படியோ, உனக்கு வெயில் அப்படி. ஜூலை வரை கிள்ளிக்கொண்டிருந்தால் பச்சைக்காயோடு செடி கருகிப்போகும்.

கடையில் நாற்றாக வாங்கிய அந்த நீளமிளகாய்ச் செடி இரண்டையும் தொடாதே. தண்டு தடித்திருக்கிறது, கவட்டைக்கு மேல் இன்னொரு கவட்டை வந்துவிட்டது, காயும் சின்னது. அது தாங்கும்.

இன்னொன்று, மொட்டுக் கிள்ளுவதைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. குடைமிளகாயில் முதல் இரண்டு மூன்று காயைச் சிவக்க விடாதே. பருத்ததும் பச்சையாகவே பறித்துச் சமைத்துவிடு. சிவக்க இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை செடி புதுப் பூவைப் பிடிக்கத் தயங்கும். பின்னால் வருகிறதைச் சிவக்க வை. இலை கருகருவென்று செழித்துப் பூ மட்டும் நிற்கவில்லை என்றால் தழைச்சத்து கூடிப்போச்சு, உரத்தை நிறுத்து. தண்ணீரை ஒருநாள் காயப்போட்டு மறுநாள் கொட்டாதே, அதற்கும் பூ உதிரும்.

கிள்ள மனசு வரவில்லை என்று எழுதியதைப் படித்து அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னதிலே களத்தில் சிந்திய வற்றலை ஒவ்வொன்றாகப் பொறுக்குவாயே, அதே பிள்ளைதான் என்றாள். செடி மேல் அந்தப் பிரியம் இருக்கட்டும் தாயி. ஆனால் இந்த மொட்டுகளை இன்றைக்கே எடுத்துவிடு.

வற்றல் காய்ந்ததும் சாம்பார்ப் பொடி திரித்து அனுப்புகிறோம். உன் கதவிலக்கம் மாறியிருந்தால் அதற்கு முன் எழுது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா