தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கு

அன்பு மகளுக்கு,

ஊரக வளர்ச்சித் துறையில் உதவி இயக்குநராகச் சேர்ந்துவிட்டாய். அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். எனக்கு உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஊராட்சிகளில் பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு தந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைத் தேர்வுக்குப் படித்திருப்பாய். 1993இல் வந்த அந்தச் சட்டம் 1996 தேர்தலில் நம் மதுரைப் பக்கம் என்ன பாடு பட்டது என்று பார்த்தவன் நான். தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டதால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றிலும் பத்தாண்டு தலைவர் நிலைக்கவே இல்லை. ஆதிக்க சாதிக்காரர்கள் யாரையும் மனுப் போட விடமாட்டார்கள். மீறி ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசன் ராஜினாமா செய்யவில்லை. 1997 ஜூன் 30, கலெக்டர் ஆபீஸ் போய்விட்டுத் திரும்பிய பஸ்ஸை மறித்து, பட்டப்பகலில் அவரையும் கூட வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். இன்றைக்கும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

2006இல் அரசு உறுதியாக நின்றது. கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் அந்த மூன்று ஊர்க்காரர்களோடும் உட்கார்ந்து பேசினார். தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். அத்தனை வருடமாக இருந்த அதே சட்டம்தானம்மா.

ஆனால் பதவி கிடைத்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தியதைப் படத்தோடு பார்த்தோமே. அதே ஆண்டு சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. இரண்டு பேரும் பட்டியலினப் பெண்கள்.

நான் ஒன்றியத்தில் தணிக்கை பார்த்தபோது ஓர் ஊராட்சிக்குப் போனேன். தலைவர் அம்மா வாசல் தூணோரம் நின்றார். உள்ளே நாற்காலியில் முன்னாள் தலைவர். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் ஆறு மாதக் கூட்டத்துக்கும் ஒரே மையில், ஒரே சாய்வில் கையெழுத்து. நோட்டை அந்த அம்மா வீட்டுக்கே கொடுத்தனுப்பி ஒரே மூச்சில் வாங்கியிருக்கிறார்கள். அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கணக்கைத் தொட்டேன்.

நீயும் எங்கே போனாலும் முதலில் தீர்மானப் புத்தகத்தைக் கேள். தலைவரிடமே கேள், செயலரிடம் வேண்டாம். பணம் எடுக்கத் துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை வைத்துத்தான் நிறைய இடத்தில் கழுத்தை நெரிக்கிறார்கள். தூய்மைக் காவலர் சம்பளம் நிற்கும், மோட்டார் பழுது பார்க்கக் காசிருக்காது, ஊர் தலைவரைத் திட்டும். அப்படிப் புகார் வந்தால் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடாதே. துணைத்தலைவர் காரணமில்லாமல் மறுக்கிறார் என்றால் அந்த அதிகாரத்தை மாற்றிக் கொடுக்கக் கலெக்டருக்கு வழியிருக்கிறது. கோப்பை அன்றைக்கே மேலே அனுப்பு, நகல் ஒன்று உன்னிடம் இருக்கட்டும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. ஜீப்பில் போகும்போது தண்ணீர் எடுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா