அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

ஆசிரியருக்கு,

ஆகஸ்ட் 22, சென்னை தினம் நெருங்கினால் கோட்டை, சாந்தோம், சென்ட்ரல் என்று அதே படங்கள்தான் வலம்வருகின்றன. பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறதே, அங்கே அரண்மனையைத் தேடி ஏமாந்தவர்கள் உண்டு. ஆர்மீனியக்காரர் தெருதான் நம் வாயில் அப்படி மருவிவிட்டது. (மாம்பலத்தை வெள்ளைக்காரர்கள் 'மர்மலாங்' ஆக்கினார்கள்; கணக்கு நேராகிவிட்டது.)

அந்த ஆர்மீனியர் தடத்தைப் பார்க்க ஒரு ஞாயிறு காலை போதும். பாரிமுனையில் தொடங்கினால் மட்டும் சிக்கல். பரங்கிமலைப் படிகளை உச்சிவெயிலில் ஏறவேண்டிவரும். எனவே ஏழு மணிக்கு மலையில் தொடங்குங்கள். உயரம் 300 அடிதான். சுமார் 160 படிகள். கட்டிக்கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர்.

இறங்கி ஆலந்தூர் வந்து, விம்கோ நகர் செல்லும் மெட்ரோவில் ஏறுங்கள். சின்னமலையை விட்டதும் ரயில் அடையாற்றைக் கடக்கும். பக்கத்தில் தெரியும் மறைமலை அடிகள் பாலத்துக்கு முன்னோடி, 1726-இல் உஸ்கான் கட்டிய மர்மலாங் பாலம். சைதாப்பேட்டைக்குள் ரயில் சுரங்கத்தில் இறங்கிவிடும், அதனால் கண்ணைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் அரண்மனைக்காரன் தெருவின் ஆர்மீனியர் தேவாலயம் நடக்கும் தூரம். அதே தெருவில்தான் அந்தோணியார் கோயில் என்று பலரும் சொல்லும் புனித மரியன்னை இணைப் பேராலயமும் இருப்பதால், வழி கேட்டால் கூட்டம் அங்கேதான் அனுப்பிவைக்கும். ஆர்மீனியர் கோயில் என்று அழுத்திச் சொல்லுங்கள். 1772-இல் கட்டியது. மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. உள்ளே ஆறு மணிகள். ஞாயிறு காலை ஒன்பதரை வாக்கில் அடிப்பது வழக்கம். பிற்பகலில் கதவு சாத்திவிடுவார்கள்.

முற்றத்துக் கல்லறைப் பலகைகளை அவசரமாகத் தாண்டிப்போகாதீர்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தராரை' 1794-இல் இந்தச் சென்னையில் அச்சிட்ட பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கேதான் அடங்கியிருக்கிறார். தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சிலர் சாக்குக்கட்டியால் தேய்க்கிறார்கள், எண்ணெய் தடவுகிறார்கள். இரண்டும் கல்லைக் கெடுக்கும். எண்ணெயில் தூசி படிந்து கறுத்துவிடும். நேரே டார்ச் அடித்தாலும் பயனில்லை. கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டின் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து தானே எழும்பும். படமெடுக்கவும் அதே வழிதான்.

கடைசியாக வேப்பேரி, புனித மத்தியாஸ் ஆலயம். ஆராதனை முடிந்தபின் கேட்டுவிட்டு உள்ளே போவது மரியாதை. உஸ்கானின் கல்லறை அங்கே. 1751-இல் இறந்தபின் அவர் உடல் இங்கே தங்கியது. இதயம் மட்டும் பாரசீகத்தின் ஜுல்ஃபாவுக்குப் போனது.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். தெருவின் பெயரை மாற்றவேண்டாம். மருவிய பெயரிலும் வரலாறு இருக்கிறது. பெயர்ப்பலகையின் அடியில் 'ஆர்மீனியக்காரர் என்பதன் மரூஉ' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடட்டும். மேலுக்குமேல் ஏற்றுவதால் மழைநீர் பழைய வளாகங்களுக்குள் இறங்கி, சுண்ணாம்புச் சுவர்களை அடியிலிருந்து அரிக்கிறது.

இப்படிக்கு,
பழங்கட்டட ஆர்வலர்கள் சிலர்,
சென்னை.